நிறுத்தக் கொட்டாய் மேஸ்திரி

அந்த மனிதர் ஆண்பிள்ளை யாரைப் பார்த்தாலும் முதலில் முதுகில் கை வைப்பார். சிநேகமாகத் தட்டுவது என்று நினைத்துவிடாதீர்கள். விலாவுக்குச் சற்றுப் பின்னால், உள்ளங்கை முழுவதும் படும்படி வைத்து, எதையோ காது கொடுத்துக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். அப்புறம் "இன்னும் அடங்கல" என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போய்விடுவார். பெண்களைத் தொடமாட்டார். எங்களை உற்றுப் பார்ப்பதோடு சரி. அந்தப் பார்வைக்குத் தொட்டிருந்தாலே தேவலை.

டீக்கடை கஜாவுக்கு இது பிடிக்காது. "யோவ் மேஸ்திரி, நான் இன்னா மாடா, தொட்டுத் தொட்டுப் பாக்கறே?" என்பான்.

"மாடுன்னா ஒயுங்கா நிக்கும்" என்பார் இவர். சிரிக்காமல் சொல்வார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அவருக்கும் சேர்த்து அவர் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

இது சுனாமிக்கு முந்தின வருஷங்களில். திருவொற்றியூரில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்துப் போர்ஷனில் நான் குடியிருந்தேன். அவர் மனைவியை அக்கா என்று கூப்பிட்டதால் அவர் எனக்கு மாமா ஆனார். வேலையும் ஒரே கம்பெனியில்தான். எருமைக்கறியை உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி. ராயபுரத்தில், துறைமுகத்தை ஒட்டிய ஆபீசில் நான் கப்பல் காகிதங்கள் டைப் அடித்தேன். அவர் மாத்தூர்ப் பக்கம் இருந்த கம்பெனிக் கொட்டகையில் மேஸ்திரி. பால்காரர்கள் வேண்டாம் என்று தள்ளிவிடும் எருமைக் கிடாக்கன்றுகளை வாங்கிவந்து, தீனி போட்டு, கறி ஏற்றி அனுப்புவது அந்தக் கொட்டகையின் வேலை.

ஒரு கையெழுத்துக்காக முதன்முதலாக அங்கே போனபோது என்னை வாசலிலேயே மறித்தார். "மெதுவா வா பாப்பா. இந்தக் கொட்டாய்ல நிறுத்தம் கீது."

"இங்க எந்த பஸ்ஸு மாமா நிக்கும்?" என்று கேட்டேன். எனக்கு வாய் நீளம். அவர் என்னை உள்ளே கூட்டிப்போனார்.

இரண்டு கொட்டகைகள் இருந்தன. முதலாவதில் தவிடு, பிண்ணாக்கோடு ஒரு வெள்ளைப் பவுடரைக் கலந்து போடுவார்கள். பேர் எழுதாத மூட்டையில் வரும். அதைத் தின்றால் கொழுப்பு ஏறாமல் கறி ஏறும். ஆனால் கறியை வாங்குகிற நாட்டில் அந்தப் பவுடருக்குத் தடை. கறியில் அது ஒரு துளிகூட இருக்கக்கூடாது என்பது அவர்கள் சட்டம். அதனால் வெட்டுக்கு அனுப்பச் சில வாரம் முன்பே கன்றுகளை இரண்டாவது கொட்டகைக்கு மாற்றி, பவுடரை நிறுத்தி, உடம்பில் இருப்பது மூத்திரத்தோடு போகிறவரை வெறும் தீனியில் வைத்திருப்பார்கள். அதற்குப் பேர்தான் நிறுத்தம். இரண்டாவது கொட்டகைக்கு நிறுத்தக் கொட்டாய் என்றே பேர்.

முதல் கொட்டகையில் நுழைந்தோம். உச்சி வெயிலில் ஒரு கன்றும் படுக்கவில்லை. எல்லாம் நின்றுகொண்டிருந்தன. எதுவும் அசையவில்லை, ஆனால் கழுத்துச் சங்கிலிகள் எல்லாம் லேசாகக் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தன. தோலுக்குக் கீழே ஏதோ ஓடிக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு நடுக்கம். மாமா ஒரு கன்றின் விலாவில் கை வைத்து, "இதான் பவுடரு. உள்ள பேசிக்கினே கீது பாரு" என்றார்.

நிறுத்தக் கொட்டாயில் சங்கிலிச் சத்தமே இல்லை. அது இதைவிட மோசம். அத்தனை கன்றும் ஒரே சுவரைப் பார்த்து நின்றன. அந்தச் சுவரில் ஒன்றும் இல்லை. தீனி தின்றுமுடித்த காலித் தொட்டியை இரண்டு மூன்று மட்டும் நக்கிக்கொண்டிருந்தன. மாமா ஒவ்வொன்றின் மேலும் கை வைத்துக்கொண்டே போனார். "அடங்கிடுச்சி. அடங்கிடுச்சி. இது இன்னும் அடங்கல." அடங்கியது மறுநாள் லாரி ஏறும். அடங்காதது இருக்கும். அதனால்தான் அவர் எங்கள் தெருவில் யார் முதுகைத் தொட்டு "இன்னும் அடங்கல" என்று சொன்னாலும் அது நல்ல வார்த்தை. அது கஜாவுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொன்னால் ஒருநாள் வேறு மாதிரிச் சொல்லிவிடுவாரோ என்று அவன் தினமும் செத்துப் பிழைத்திருப்பான்.

"தீனி யாரு வோணா போடுவான் பாப்பா" என்பார் மாமா. "நிறுத்தறதுதான் தொயிலு."

அந்தத் தொழிலில் அவருக்கு இருந்த பெருமைக்கு அளவு கிடையாது. ஒவ்வொரு தடவை கறி அடைத்த குளிர்பதனப் பெட்டி கப்பல் ஏறும்போதும் "சுத்தமா போச்சி" என்று வீட்டுக்கு வந்து சொல்வார். அக்கா காசிமேட்டில் இறால் உரித்துவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். "நம்ம வூட்டு சாக்கடைதான் அடைச்சிகினு கீது, அத்த சுத்தம் பண்ணு மொதல்ல" என்பாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு. தினமும் மாத்திரை போட்டுக்கொள்வாள். போட்டுக்கொண்டால் ஒரு குறையும் இல்லை. காசிமேட்டு ஷெட்டில் அவள் கையளவு வேகம் யாருக்கும் கிடையாது என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

ஒருநாள் ஆபீசில் ஃபேக்ஸ் வந்தது. போன பெட்டியைச் சோதித்ததில் பவுடர் இருக்கிறதாம். கறி வேண்டாம், திருப்பி அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள். சாயங்காலம் மாமாவிடம் நான்தான் சொன்னேன். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் குழப்பமாக என்னைப் பார்த்தார்.

"திருப்பின்னா? எங்க திருப்பி?"

"இங்கதான் மாமா. நம்மகிட்ட."

"வெட்டி அனுப்பினது எப்டி திரும்பி வரும்?" என்றார். நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

பெட்டி வந்தது. துறைமுகத்துச் சடங்கெல்லாம் முடிந்து, கொட்டகை வாசலில் கொண்டுவந்து இறக்கி, கரண்டு கொடுத்து வைத்தார்கள். உள்ளூரில் விற்கவும் அனுமதி இல்லை, அதிகாரிகள் உத்தரவு வராமல் அழிக்கவும் முடியாது. பெரிய வெள்ளைப் பெட்டி, ஓயாமல் உறுமிக்கொண்டே நின்றது. மாமா சாப்பாட்டு வேளையில் அதன் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தார். நான் போயிருந்த ஒருநாள், அந்தப் பெட்டியின் கதவில் உள்ளங்கையை வைத்து, தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். உறுமலில் கதவு அதிர்ந்துகொண்டிருந்தது. "உள்ள இன்னும் அடங்கல" என்றார் என்னிடம். 

சோதனைச்சாலையிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர், பொறுமையானவர். கொட்டகையைச் சுற்றிப் பார்த்ததுமே விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். நிறுத்தக் கொட்டாயின் மரத்தொட்டிகள் முதல் கொட்டகையிலிருந்து வந்தவை. நல்ல தேக்கு, வீணாகப் போகிறதே என்று மாமாதான் தூக்கிவந்து போட்டிருந்தார். பலகையில் பவுடர் ஊறிக் கிடந்தது. காலித் தொட்டியைக் கன்றுகள் ஏன் நக்கின என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"தொட்டிய மாத்திடுங்க, போதும்" என்றார் அவர். "முன்னெல்லாம் இது தெரிஞ்சிருக்காது. இப்போ அவங்க புது மிஷின் வெச்சிருக்காங்க. ஏரித் தண்ணியில ஒரு சிட்டிகை உப்பு போட்டாலும் காட்டிக்கொடுத்துடும்."

"ஜீரோன்னாங்களே சார். நான் ஜீரோ ஆக்கித்தான அனுப்பினேன்."

"ஜீரோன்னா, மிஷினுக்குத் தெரியலைன்னு அர்த்தம். நாளைக்கு இன்னும் நல்ல மிஷின் வந்தா, இன்னிக்கு ஜீரோன்னு சொன்னதுலயும் ஏதாவது தெரியும். அதுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க தொட்டிய மாத்துங்க."

தெளிவாகத்தான் சொன்னார். நான் ஆபீசுக்குப் போய் அதை மறந்துவிட்டேன். மாமா அதைத் தன் போக்கில் பிடித்துக்கொண்டார். போனதாக நாம் நினைப்பது எதுவும் போவதில்லை, எல்லாம் உள்ளேயே இருக்கிறது என்று அவருக்கு அர்த்தமாகிவிட்டது. தொட்டிகளை மாற்றினார். ஆனாலும் நிறுத்தத்தை நீட்டிக்கொண்டே போனார். ஒரு கன்றையும் அடங்கிவிட்டது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. கடைசியில் முதலாளி வேறு ஆளை வைத்து லாரி ஏற்ற வேண்டியதாயிற்று.

உத்தரவு வந்ததும், பெட்டியில் இருந்த கறியைக் கொட்டகைக்குப் பின்னால் குழிவெட்டி, சுண்ணாம்பு கொட்டி, அதிகாரிகள் முன்னால் புதைத்தார்கள். கொஞ்ச நாளில் பெருமழை. மழை விட்டுப் பார்த்தால் அந்த இடத்தில் மண் மேடாக எழும்பியிருந்தது. உள்ளே அழுகினால் உப்பத்தான் செய்யும், அதில் என்ன அதிசயம்? ஆனால் மாமா அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் அக்காவிடம் சொன்னார்: "வாங்கறவனும் வாங்கல. மண்ணும் வாங்கல. அது எங்கதான் போவும்?"

அதற்கப்புறம் அவர் யார் முதுகிலும் கை வைத்து "அடங்கல" என்று சொல்லவில்லை. "நிறுத்திடு" என்று சொல்ல ஆரம்பித்தார். டீயை நிறுத்திடு. மாத்திரையை நிறுத்திடு. கொட்டகை வாட்ச்மேன் ஒரு பெரியவர், அவர் பேச்சைக் கேட்டுப் பீடியை நிறுத்தினார். அடுத்த மாசமே தூக்கத்தில் போய்விட்டார். வயசானவர், நெஞ்சு நிறையச் சளி, போகிற காலம் வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் மாமா அங்கே போய்விட்டு வந்து, "சுத்தமா பூட்டாரு" என்று திருப்தியாகச் சொன்ன விதம் தெரு முழுக்கப் பரவியது. கஜா தன் கடை வாசலில் கைகூப்பியே விட்டான். "ஐயா சாமி, டீ ஓசிலயே குடி. இங்க யாராண்டயும் எத்தையும் நிறுத்தச் சொல்லாத."

அக்கா மட்டும் விடாமல் சிரித்தாள். "எங்க வூட்டுக்காரரு என்னை ஏத்துமதி பண்ணப் போறாரு" என்பாள். நானும் சிரித்தேன். அது எவ்வளவு நிஜம் என்று அப்போது தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்தில் பாத்திரம் உருளும் சத்தம். ஓடிப்போனால் அக்கா அடுப்படியில் கிடந்து வெட்டி வெட்டி இழுக்கிறாள். மாமா அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பதற்றமே இல்லை. "வெளிய போவுது. போவட்டும், போவட்டும்" என்று அவள் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார்.

நான் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தேன். "மாத்திரை எங்க மாமா?"

"கழிமுகத்துல கொட்டிட்டேன். வேற வாங்கவும் உடல. அது ஆச்சி கொஞ்ச நாளு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். எழுதக்கூடிய வார்த்தைகள் இல்லை. கஜா ஆட்டோ பிடித்து வந்தான். பெரியாஸ்பத்திரி வாசல்வரை மூன்று தடவை இழுத்தது. ஊசி போட்டு, அடங்கி, அவள் கண்ணைத் திறக்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

மாமா வார்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "பொண்டாட்டியக் கொல்லப் பாத்தியே, நீ மனுசனா?" என்று கேட்டேன். வாழ்க்கையில் அவரை நான் ஒருமையில் பேசியது அந்த ஒரு தடவைதான்.

அவர் அழுதார். பெரிய ஆண்பிள்ளை, சத்தமில்லாமல் கண்ணீர் வழிய நின்றார். "நான் எதுக்குப் பாப்பா கொல்றேன்? சாவு என்னிக்கோ வரப்போவுது. அன்னிக்கி இவ உடம்புல அத்தினி வருசத்து மாத்திரையும் இருந்து, வோணாம்னு திருப்பி அனுப்பிட்டா? நான் அப்ப இல்லேன்னா? இங்கயும் இல்லாம அங்கயும் இல்லாம, அந்தப் பொட்டி மாரி எங்கயாவது நின்னுகினு இருப்பாளே. யார் பாத்துக்குவா அவள?"

"யாரு மாமா திருப்பி அனுப்பறது?"

"வாங்கறவன் யாருன்னு மாட்டுக்குத் தெரியுமா? அவன் ஜீரோ கேக்கறான். அவ்ளோதான் நமக்குத் தெரியும்."

பைத்தியம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் பைத்தியத்துக்குள் அவ்வளவு பிரியம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்காவின் மாத்திரை அதன்பிறகு என் வீட்டு அலமாரியில் இருந்தது. காலையும் மாலையும் வந்து போட்டுக்கொண்டு போவாள். அவருக்குத் தெரியும், ஒன்றும் கேட்கவில்லை. அவளைச் சுத்தமாக்குவதைக் கைவிட்டுவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். தன்னை எடுத்துக்கொண்டார்.

சர்க்கரைக்குப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையை முதலில் நிறுத்தினார். அப்புறம் டீ. அப்புறம் உப்பு. அப்புறம் சோறு. வேலையை விட்டார். ஒருநாள் துணி காயப்போடப் போகும்போது கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். மாட்டிய படமோ காலண்டரோ எதுவும் இல்லாத சுவர். காயவைத்த துணியை எடுக்க வந்தபோதும் அப்படியே நின்றுகொண்டிருந்தார். அக்கா அவர் முதுகுக்குப் பின்னால் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். கிண்டல் ஒன்றும் வரவில்லை.

"சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு. நேத்து என்னைப் பாத்து, நீ யாரும்மே அப்டின்றாரு" என்றாள்.

அவர் விழுந்ததும் ஒரு மத்தியானத்தில்தான். அக்கா ஒரு நொடி யோசிக்கவில்லை. என்னையும் கஜாவையும் கூப்பிட்டு அதே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனாள். டாக்டர் எல்லாரையும் திட்டிவிட்டு, கையில் ஊசி குத்தி குளுகோஸ் பாட்டில் ஏற்றினார். ஒன்று முடிந்து இன்னொன்று. ஊசிமேல் ஊசி. மாமாவுக்கு நினைவு திரும்பியபோது முதலில் பார்த்தது அந்தப் பாட்டிலைத்தான். சொட்டு சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் இன்னொரு கையால் ஊசியைப் பிடுங்கப் போனார்.

அக்கா அந்தக் கையைப் பிடித்து மெத்தையோடு அழுத்திக்கொண்டாள். இறால் உரித்து உரித்து இறுகிப்போன கை. அவரால் அசைக்க முடியவில்லை.

"இத்தக் கயட்டும்மே" என்றார்.

"மாட்டேன். நீ பொழைச்சி வா. அப்பால திட்டு."

"கெடுத்துட்டியே" என்றார் அவர். கோபமாக இல்லை. சமைத்து இறக்கிய சட்டியைத் தட்டிவிட்டவளைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார். அந்தப் பாட்டில் முடிவதற்குள் போய்விட்டார். அவர் போனது தெரியாமல் அது கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டிருந்தது. அக்காவும் கையை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் மூலக்கொத்தளம் இடுகாட்டுக்கு எடுத்துப் போனார்கள். ஆண்கள் வண்டியோடு தெருமுனை திரும்பியதும், பெண்கள் நாங்கள் வழக்கப்படி வீட்டைக் கழுவிவிடக் குடங்களில் தண்ணீர் நிரப்பி வைத்தோம். எடுத்த கையோடு கழுவிவிட வேண்டும், அதுதான் முறை. நான் முதல் குடத்தைத் தூக்கினேன்.

"ஊத்தாத" என்றாள் அக்கா.

அவள் வாசற்படியில் உட்கார்ந்து தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது முடித்த முகம். "ஏங்க்கா?" என்றேன்.

"இரு. அவங்க வந்து சொல்லட்டும்."

கூட இருந்த பெண்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒருத்தி மெதுவாக, "சாவு வூட்ட அப்டியே போடக் கூடாதும்மா" என்றாள். அக்கா திரும்பவில்லை. என்னிடம் மட்டும் கேட்கும்படி, குரலை இறக்கிப் பேசினாள்.

"ரெண்டு பாட்டிலு நான்தான ஏத்தச் சொன்னேன். கைய நான்தான புடிச்சிகினு இருந்தேன். எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, உனக்கே தெரியும். ஆனா திருப்பி அனுப்பிட்டா, அவரு எங்க வருவாரு? இங்கதான வரணும்? நாம கழுவி உட்டுட்டா வூடு தெரியுமா அவருக்கு?"

குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த மனிதர் மேல் எனக்கு அப்போது வந்த கோபம் இன்றைக்கும் தீரவில்லை. செத்தும் இவளை விடவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நானும் தெருமுனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் குடங்கள் வரிசையாக நின்றன. பெண்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள்.

வெயில் தாழ்ந்து ஆண்கள் வந்தார்கள். கஜாதான் முன்னால் வந்தான், தலை ஈரமாக. வீடு கழுவாமல் கிடப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

"வாங்கிக்கினாங்களா?" என்று கேட்டாள் அக்கா.

அவனுக்கு என்ன புரிந்ததோ, என் முகத்தைப் பார்த்தான். பிறகு அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "வாங்கிக்கினாங்கம்மா. மண்ணு யாரைம்மா வோணாம்னு சொல்லப்போவுது?"

"மூடினப்புறம் நின்னு பாத்தியா?"

"நின்னு பாத்துட்டுதாம்மா வந்தேன்."

அவள் அவன் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "சரி, ஊத்து" என்றாள்.

எல்லாரும் சேர்ந்து கழுவினோம். அழுக்குத் தண்ணீர் படியிறங்கித் தெருவில் ஓடியது. முடித்துவிட்டு நான் கதவைச் சாத்தப் போனேன். அதை மட்டும் அவள் சாத்தவிடவில்லை.